தோற்றவர் வைக்கும் விலை: ஏலத்தில் பழைய கத்திகள் ஏன் திகைக்க வைக்கும் தொகைக்குப் போகின்றன?

மூன்றரை அங்குல மடக்குக் கத்தி ஒன்று. அலகில் கறை, பிடியில் ஒரு கீறல். அதே கம்பெனியின் புதுக் கத்தி கடையில் 60 டாலர். இந்தப் பழையதோ ஏலத்தில் 900 டாலருக்குப் போயிருக்கிறது. கத்தி சேகரிப்பவர்கள் கூடும் இடங்களில் இது தீராத பேச்சு: வாங்கியவருக்குப் பைத்தியமா, விற்றவர் ஏதாவது தில்லுமுல்லு செய்தாரா, இல்லை நமக்குத் தெரியாத எதையோ அந்த இரண்டு பேரும் பார்த்துவிட்டார்களா?

மூன்றுமே நடப்பதுண்டு. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏல முடிவில் நாம் பார்க்கும் எண் கத்தியின் மதிப்பு அல்ல. அன்றைக்கு அந்த ஏலத்தில் கடைசியாக விலகிய ஆள் எங்கே நின்றார் என்பதன் பதிவு மட்டுமே அது.

கணக்கு இப்படித்தான் ஓடுகிறது

ஒரே கத்திக்கு ஐந்து பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் மனதிலும் ஓர் உச்ச வரம்பு: 60, 75, 90, 310, 480 டாலர். ஏலம் ஐந்து ஐந்து டாலராக ஏறுகிறது. 60-காரர், 75-காரர், 90-காரர் வரிசையாக ஒதுங்குகிறார்கள். மிச்சம் இருவர். 310-ல் நான்காமவர் கையை இறக்குகிறார். கத்தி 315 டாலருக்கு முடிகிறது. வென்றவர் 480 வரை தரத் தயாராக இருந்தார். அவர் அவ்வளவு தர வேண்டிய தேவையே வரவில்லை. விலையை நிர்ணயித்தவர் தோற்றவர்.

இப்போது அந்த 310-காரருக்கு அன்று காய்ச்சல், ஏலத்துக்கு வரவில்லை என்று எண்ணிப் பாருங்கள். 480-காரர் 95 டாலருக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கத்தி மாறவில்லை, அதை விரும்புகிறவர்களின் எண்ணிக்கையும் பெரிதாக மாறவில்லை. ஒருவர் வராததால் விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது.

இதன் மறுபக்கம்தான் விற்பவர்களைக் காயப்படுத்துவது. 315-க்குப் போனதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி கத்தி வைத்திருக்கும் இன்னொருவர் மறுவாரமே ஏலத்துக்கு விடுகிறார். 480-காரரிடம் இப்போது கத்தி இருக்கிறது, அவர் வரமாட்டார். 310-காரர் வருவார், அவரோடு போட்டியிட 90-காரர்தான் மிச்சம். முடிவு 95. மூன்றாவது கத்தி வந்தால் 80. ஒரு மாதத்துக்குள் 315, 95, 80 என்று மூன்று 'விலைகள்'. பிறகு, சந்தையே படுத்துவிட்டது என்று புலம்பல் கேட்கும். சந்தை எங்கேயும் போகவில்லை. மேலே இரண்டு பேர் இருந்தார்கள். இருவருக்கும் ஆளுக்கொன்று கிடைத்துவிட்டது.

ஆகவே ஏலப் பட்டியலில் வென்ற தொகையை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்கக் கூடாது. ஏலம் கேட்டோர் வரிசையில் மூன்றாம் இடத்தில் நின்றவர் எவ்வளவு வரை கேட்டார் என்று பார்க்க வேண்டும். நம் கணக்கில் அது 90. முதல் இருவரின் வேகத்தை விட அதுவே மற்றவர்கள் தரத் தயாராக இருக்கும் விலைக்குக் கிட்டத்தில் இருக்கும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 200 டாலர் தரத் தயாராக இருந்த ஒருவர் ஏலத்தைத் திறந்து பார்க்கும்போதே விலை 250-ஐத் தாண்டியிருந்தால் அவர் எதுவும் கேட்காமலே போய்விடுவார்; பட்டியலில் அவர் சுவடே இருக்காது. எனவே மூன்றாமவர் கேட்ட தொகையை 'குறைந்தது இவ்வளவு' என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வென்றவரைப் பிடிக்கும் சாபம்

1971-ல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கடலடி எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பது கேள்வி. எல்லா நிறுவனமும் ஒரே வயலைத் தனித்தனியாக மதிப்பிடுகிறது; சிலர் குறைத்து மதிப்பிடுவார்கள், சிலர் கூட்டி மதிப்பிடுவார்கள்; ஏலத்தில் வெல்வதோ அதிகமாகக் கூட்டி மதிப்பிட்டவர். அதாவது தவறு செய்தவருக்கே வெற்றி. இதைப் பொருளாதாரத்தில் 'வென்றவர் சாபம்' என்பார்கள்.

கத்தி ஏலத்தில் இது இன்னும் கூர்மையாக வெட்டும், ஏனென்றால் இங்கே போலிகள் உண்டு. மங்கலான நான்கு படங்களோடு ஓர் அரிய கத்தி வருகிறது. விஷயம் தெரிந்த பத்துப் பேர் முத்திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்து ஒதுங்குகிறார்கள். படத்தை முழுதாக நம்பிய இரண்டு பேர் மட்டும் நின்று விளையாடுகிறார்கள். விலை மேலே போகிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு, இவ்வளவு விலைக்குப் போயிருக்கிறதே, அசலாகத்தான் இருக்கும் என்று தோன்றும். உயர்ந்த விலை அசலுக்குச் சான்று ஆகாது. சில சமயம் விவரம் தெரிந்தவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை என்பதற்கே அது சான்று.

அந்த எண்ணில் எது சேர்ந்திருக்கிறது?

ஏல அரங்கில் சுத்தியல் விழும்போது சொல்லப்படும் தொகை ஒன்று. வாங்கியவர் கட்டும் தொகை வேறு. லண்டனில் கிறிஸ்டீஸ், சாத்பீஸ் இரண்டும் 1975-ல் வாங்குவோர் கட்டணம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தன. இன்று பெரும்பாலான ஏல அரங்குகளில் அது உண்டு; சுத்தியல் விலைக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் என்பது சாதாரணம். 1,000 டாலர் சுத்தியல் விலையோடு 25 சதவீதம் சேர்த்தால் 1,250. சில அரங்குகள் முடிவுப் பட்டியலில் இந்தக் கட்டணத்தைச் சேர்த்தே வெளியிடுகின்றன, சில சேர்ப்பதில்லை. ஈபே போன்ற இணைய ஏலத்தில் பொதுவாக இந்தக் கட்டணம் வாங்குபவர் தலையில் விழாது. எனவே ஓர் அரங்கின் 1,250-உம் இணையத்தின் 1,000-உம் விற்பவர் பக்கமிருந்து பார்த்தால் ஒரே விலையாக இருக்கலாம். இதைக் கவனிக்காமலே பாதி வாக்குவாதங்கள் நடக்கின்றன.

இணையத்தில் 'முடிந்தது' என்பதும் 'விற்றது' என்பதும் வேறு வேறு. விற்றதாகக் காட்டினாலும் பணம் வந்ததா என்பது தனிக் கேள்வி. வென்றவர் பணம் கட்டாமல் மறைந்துவிட்டால் அதே கத்தி, அதே படங்களோடு இரண்டு வாரத்தில் மீண்டும் ஏலத்துக்கு வரும். அப்படி வந்ததா என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம். விற்பவரின் சொந்த ஆளே விலையை ஏற்றிவிடும் வேலையும் நடக்கும். புதுக் கணக்கு, ஏலம் கேட்டதெல்லாம் இந்த ஒரே விற்பவரிடம், ஒவ்வொரு முறையும் சற்றே கீழே நின்று தோற்றுப்போவது ஆகிய மூன்றும் ஒன்றாகத் தென்பட்டால் அந்த விலையை உங்கள் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஒரே கத்தி என்று நினைத்தது வேறு கத்தி

திகைப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் தீரும். மடக்குக் கத்தியின் அலகு பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை டாங் என்பார்கள். அதில் பொறித்திருக்கும் கம்பெனி முத்திரைதான் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு ஊரில் இயங்கும் கேஸ் கம்பெனியை எடுத்துக்கொள்ளலாம். 1940 முதல் 1964 வரை அதன் முத்திரை 'கேஸ் எக்ஸ்எக்ஸ்'. 1965 முதல் 1969 வரை அதனோடு 'யுஎஸ்ஏ' சேர்ந்தது. 1970-ல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து 1979-ல் ஒற்றைப் புள்ளியில் நிறுத்தினார்கள். இரண்டு கத்திகள் பார்வைக்கு ஒன்றே. ஒன்றில் ஏழு புள்ளி, இன்னொன்றில் புள்ளியே இல்லை, 'யுஎஸ்ஏ'வும் இல்லை. விலையில் பல மடங்கு வித்தியாசம் வரலாம். இரண்டு அலகுள்ள கத்தியில் ஓர் அலகில் பழைய முத்திரையும் மற்றதில் புதிய முத்திரையும் இருப்பதுண்டு. முத்திரை மாறிய சமயத்தில் தொழிற்சாலையில் மிச்சமிருந்த அலகுகளைச் சேர்த்துப் பூட்டியதன் விளைவு அது. அதை மட்டுமே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டாங்கின் மறுபக்கத்து எண்ணும் பேசும். கேஸ் எண்ணில் முதல் இலக்கம் பிடியின் பொருள்: 6 என்றால் எலும்பு, 5 என்றால் மான் கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பொருள். இரண்டாவது இலக்கம் அலகுகளின் எண்ணிக்கை. மிச்சம் வடிவத்தின் எண். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54-ஆம் வடிவம். 5254 அதே கத்தி, மான் கொம்புப் பிடியில். 6254 என்று பொறித்த அலகோடு மான் கொம்புப் பிடி வந்தால் யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நாட்டின் பெயர் இன்னொரு துப்பு. 1890-ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று குறிக்கச் சொன்னது. 1891-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே 'இங்கிலாந்து' என்று பொறித்த ஷெஃபீல்டு கத்தியை 1850-ஐச் சேர்ந்தது என்று ஒருவர் விற்றால், முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ராணுவக் கத்திகளில் சிறு உறுப்புகள் பெரிய பணம். பிரிட்டிஷ் கமாண்டோக்களின் ஃபேர்பேர்ன் – சைக்ஸ் போர்க் கத்தியை வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனி 1941 ஜனவரியில் முதன்முதலாகத் தந்தது. அந்த முதல் வகையில் கைக்காப்பு எஸ் வடிவில் வளைந்திருக்கும், அலகின் அடியில் தட்டையான ஒரு கட்டம் இருக்கும். அடுத்த வகையில் காப்பு நேராகிவிட்டது, கட்டம் போய்விட்டது. மூன்றாவது வகையில் வளையம் வளையமான வார்ப்புப் பிடி. அது ஏராளமாகச் செய்யப்பட்டது. படத்தில் மூன்றும் 'பழைய கமாண்டோ கத்தி'தான். முதல் வகை எப்போதாவதுதான் சந்தைக்கு வரும்; அதனாலேயே போலிகளும் மிகுதி.

சில நேரம் ஏலத்தின் தலைப்பே ஏமாற்றும். 'ஒரு பெட்டி பழைய கத்திகள்' என்று போட்டது 1,500 டாலருக்குப் போகும். பெட்டிக்குள் இருபது கத்திகளில் பத்தொன்பது வெறும் இரும்பு. இருபதாவதின் பிடியில் தோட்டா வடிவச் சின்னம் பதித்திருக்கும்: 1922-ல் துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் வெளியிட்ட ஆர்1123, சேகரிப்பாளர் மொழியில் 'புல்லட்'. விற்பவருக்குத் தெரியவில்லை, வாங்க வந்த இருவருக்குத் தெரிந்திருந்தது. இதே கத்தியை ரெமிங்டன் பெயரில் 1982-ல் மறுபடி வெளியிட்டார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மறுவெளியீட்டுக்கு முதல் வெளியீட்டின் விலை கிடையாது.

நிலை: ஒரு தீட்டலின் விலை

அமெரிக்கத் தேசியக் கத்தி சேகரிப்பாளர் சங்கத்தின் தர வரிசையே பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. 'மின்ட்' என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே. பையில் போட்டதில்லை, தீட்டியதில்லை. அதற்குக் கீழே 'மின்ட்டுக்கு அருகில்': லேசான கடைத் தேய்மானம் மட்டும். 'மிகச் சிறந்தது' என்றால் அலகுத் தேய்மானம் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை. 'மிக நன்று' என்பதில் சுமார் 25 சதவீதம் தேய்ந்திருக்கலாம். பாதி அலகு போனது 'சுமார்'. கடைசியானது உதிரி உறுப்புக்கு மட்டும் ஆகும்.

இந்தப் படிகளுக்கு இடையே விலை சீராக இறங்குவதில்லை. மின்ட்டிலிருந்து ஒரு படி கீழே வந்ததும் விலை பாதியாவது சாதாரணம். அதன் பிறகு இறக்கம் மெதுவாகும். காரணம் எளிது. கத்தி என்பது பயன்படுத்தச் செய்த பொருள். 1930-ல் வாங்கியவர் ஆப்பிள் நறுக்கினார், கயிறு அறுத்தார், கல்லில் தீட்டினார். எண்பது தொண்ணூறு ஆண்டு எவரும் தொடாமல் வைத்த கத்தி விதிவிலக்கு. அதிலும் செல்லுலாய்டுப் பிடி போட்ட கத்தி என்றால் நேரமே அதற்கு எதிரி. செல்லுலாய்டு மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். ஈரத்தோடு அது நைட்ரிக் அமிலமாகி அலகையும் ஸ்பிரிங்கையும் அரிக்கும். அதே பெட்டியில் இருக்கும் பக்கத்துக் கத்திக்கும் துரு ஏறும். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம் என்பதால், வண்ணக் கோடு போட்ட செல்லுலாய்டுக் கத்திகள் நல்ல நிலையில் வந்தால் விலை எகிறும். வாங்கியவர்கள் அவற்றைத் தனியாக, காற்றோட்டமாக வைக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைப்பது கொலை.

விற்கும் எண்ணம் இருப்பவருக்கு ஓர் எச்சரிக்கை: பளபளப்பாக்க வேண்டாம். சக்கரத்தில் பஃப் அடித்தால் முத்திரையின் விளிம்பு மழுங்கும், தொழிற்சாலை மெருகின் நுண்கோடுகள் அழியும், அலகின் கூர் விளிம்புகள் உருண்டுவிடும். போனது திரும்பாது. மெல்லிய எண்ணெயும் மென்துணியும் போதும்; மூலையில் அழுக்கு இருந்தால் மரப் பல்குச்சி. சாம்பல் நிறப் படிவு வயதின் அடையாளம், அதை விட்டுவிடலாம். சிவப்பாக உதிரும் துரு மட்டும்தான் நோய்.

பெயர், கை, உரிமையாளர்

தனி ஆள் செய்த கத்திகளில் விலை, செய்தவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பாப் லவ்லெஸ் 1950களில் 'டெலவேர் மெய்ட்' என்ற முத்திரையோடு தொடங்கி, பிறகு கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் வேலை செய்தார். முனை தாழ்ந்த வேட்டைக் கத்தி வடிவத்தைப் பரப்பியவர் அவர்தான். 2010-ல் இறந்தார். இனி ஒரு கத்திகூடக் கூடப்போவதில்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தேடுவோர் குறையவில்லை. ஆனால் செய்தவர் இறந்தால் விலை ஏறும் என்பது பொது விதி அல்ல. தேடுவோர் பலர் இருந்த பெயருக்கு மட்டுமே அது பொருந்தும். மற்றவர்கள் விஷயத்தில், அவர்களின் நண்பர்களும் வாடிக்கையாளர்களும் வயதாகி ஒதுங்கும்போது விலையும் சத்தமில்லாமல் இறங்கும்.

உச்சத்தில் இருப்பது வரலாறு. 2008 ஏப்ரலில் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் முகலாய மன்னர் ஷாஜகானின் குத்துவாள் ஒன்று 17 லட்சம் பவுண்டுக்கு விற்றது. உருக்கும் தங்கமும் அவ்வளவு பெறாது. அதன் மேல் மன்னரின் பட்டங்களும் செய்த ஆண்டும் பொறித்திருந்தன. இது அவருடையது என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'தாத்தா சொன்னார், இது ஒரு ராஜாவுடையது' என்ற வாய்மொழிக்கும் இதற்கும் உள்ள தூரம்தான் விலையில் தெரிகிறது. கதை கூட வருகிறதென்றால், கதையைத் தாங்கும் எழுத்தோ, படமோ, ரசீதோ இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கத்திக்கு மட்டும் விலை கொடுங்கள்.

உறையும் பெட்டியும் சும்மா வருபவை அல்ல. ஆர்லண்டோவின் ராண்டல் கத்திகளில் தோல் உறையைத் தைத்த பட்டறையின் முத்திரையை வைத்துக் காலத்தைக் கணிக்கிறார்கள். உறைக்கே தனி விலை உண்டு. ஆனாலும் கத்தியை உறைக்குள் வைத்துச் சேமிக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எஃகை அரிக்கும். பித்தளைக் காப்பில் பச்சை பூக்கும்.

ஏலம் கேட்கும் முன் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால்

பத்து மடங்கு பெருக்கும் ஒரு லென்ஸ் போதும். அச்சடித்த முத்திரையில் உலோகம் அழுந்தி நகர்ந்திருக்கும். எழுத்தின் அடி சுத்தமாக இருக்கும். அமிலத்தால் பொறித்த போலியில் அடி சொரசொரவென்று அரித்தாற்போல் தெரியும். பழைய முத்திரையைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருந்தால் டாங் மெலிந்திருக்கும். கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் டாங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரியும். பிடியில் அலகு பொருந்தும் முனையில் இருக்கும் உலோகப் பகுதியை போல்ஸ்டர் என்பார்கள். அலகைத் தாங்கும் ஆணி அதற்குள் போகிறது. தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றாகத் தேய்த்து மெருகேற்றுவதால் ஆணி கண்ணுக்கே தெரியாது. வட்டம் தெரிந்தால் யாரோ திறந்திருக்கலாம், அலகு மாற்றியிருக்கலாம். கடும் உபயோகத்தாலும் வட்டம் தெரிவதுண்டு, ஆனால் அப்போது கத்தி முழுவதும் அந்த உபயோகம் தெரிய வேண்டும். தேய்ந்த பிடிக்குள் புத்தம்புது அலகு என்றால் கேள்வி கேளுங்கள். புற ஊதா விளக்கில் பிடியின் ஓரம் நீலமாக ஒளிர்ந்தால் அங்கே நவீனப் பசை இருக்கிறது. பழைய பிடிகள் ஆணியால் அடித்தவை.

படத்தை மட்டும் பார்த்துக் கேட்பதானால், முத்திரையின் நெருக்கப் படம், மூடிய நிலையில் மேலிருந்து ஒரு படம், போல்ஸ்டரின் இரு பக்கமும் என்று நான்கு படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கத்தி உலகில் கிடையாது.

உச்ச வரம்பை எப்படி வைப்பது? அதே முத்திரை, அதே எண், கிட்டத்தட்ட அதே நிலை என்று எட்டுப் பத்து பழைய விற்பனைகளைத் திரட்டுங்கள். கட்டணம் சேர்ந்த தொகையா, சேராததா என்று பிரித்து எல்லாவற்றையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் விட்டுவிட்டு நடுவில் நிற்கும் தொகையை எடுங்கள். கையில் எடுத்துப் பார்க்காத கத்தி என்றால் அதிலிருந்து சந்தேகத்துக்காக ஒரு பகுதி கழியுங்கள். நான்கில் ஒரு பங்கு என்பது அதிகம் அல்ல. வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி, ஏலத்தின் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு முறை கேளுங்கள். ஐந்து ஐந்தாக ஏறி ஏறிக் கேட்பவர்தான், தன்னை அறியாமல், பக்கத்தில் இருப்பவரின் 310-ஆக மாறுகிறார்.